நாலாயிரம் தண்டால் அரைஞாண்

கழுகுமலை ரோட்டில் பூட்டிக் கிடந்த அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் குடோனுக்கு ஒரே மாதத்தில் வந்த யோகம், அங்கே தீப்பெட்டி அடுக்கிய இருபது வருஷத்திலும் வந்ததில்லை. விடிந்தால் வாசலில் பஸ் நிற்கும். ஸ்டாப் இல்லாத இடம்தான். ஆனாலும் கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, "தண்டால் சாமி எல்லாம் இறங்கு" என்பார். பசுவந்தனையிலிருந்து வந்தவர்கள் சோற்றுத் தூக்கோடு இறங்குவார்கள். புதூர்ப் பக்கத்து ஆட்கள் ஆட்டை விற்ற கையோடு இறங்குவார்கள். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர், சர்பத் விற்க ஒருத்தர் என்று பிழைக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் வாசலிலேயே குடியேறிவிட்டார்கள்.

சுவரெல்லாம் நோட்டீஸ். "வியர்வை வேண்டாம்! வீட்டிலேயே இருங்கள்! படுத்தபடியே நாலாயிரம் தண்டால்!"

விஷயம் இதுதான். ஸ்ரீலஸ்ரீ தேகபலானந்த சுவாமிகள் இமயமலைக் குகையில் பன்னிரண்டு வருஷம் இடைவிடாமல் தண்டால் எடுத்தாராம். தமக்கு வேண்டியது போக மிஞ்சிய பலனை வீணாக்க மனமில்லை. மந்திரம் சொல்லிச் செப்புத் தாயத்துகளில் அடைத்து, சிவப்பு அரைஞாண் கயிற்றில் கோத்து எடுத்து வந்திருக்கிறாராம். ஒரு தாயத்துக்கு நாலாயிரம் தண்டால். இடுப்பில் கட்டிக்கொண்டு பாயில் மல்லாந்து கிடக்க வேண்டியது. தண்டால் உள்ளுக்குள்ளே தானாக நடக்கும். நடப்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பலன் போய்விடும். எவ்வளவு வசதி பாருங்கள்!

அந்த வருஷம்தான் ஊரில் நாலு சுவரிலும் கண்ணாடி பதித்து ஒரு ஜிம் திறந்திருந்தார்கள். பருத்தி வியாபாரி தங்கப்பாண்டியன் அதையும் இதையும் ஒப்பிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஜிம்முல துட்டையும் குடுத்து வேர்க்கவும் செய்யணும். இங்கன துட்டு மட்டும் குடுத்தாப் போதும்வே."

இதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் செண்பகராஜும் ஒருவர். அவர் மனைவி பொன்மணி தலையாட்டவில்லை. ஆனால் புருஷன் கிளம்பியதால் அவளும் கூட வந்து வரிசையில் நின்றாள்.

செண்பகராஜுக்கு மார்க்கெட் ரோட்டில் கமிஷன் கடை. மல்லி, வத்தல், பருத்தி. மூட்டைக்குள் கையை விட்டால் போதும், எத்தனை நாள் வெயில் கண்ட சரக்கு என்று சொல்லிவிடுவார். சாக்கு எடையைக் கழிக்க மறந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு உடம்பில் சர்க்கரை. தை மாதம் செருப்புக் கடித்து வலது பெருவிரலில் வந்த கொப்புளம் மாசி பிறந்தும் ஆறவில்லை. டாக்டர் விஜயராஜ் மாத்திரை எழுதிவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"அண்ணாச்சி, சர்க்கரை இறங்கணும், எடை குறையணும். இல்லன்னா அந்த விரலை எடுக்க வேண்டியது வரும். விரலோட நிக்குமான்னும் நான் சொல்ல மாட்டேன்."

எதிர் வீட்டு நேசம்மாள் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தானே வந்து சொல்லிக் கொடுத்தாள்.

"இதுக்கு ஜிம்மு எதுக்கு அண்ணாச்சி? ஒரு நாற்காலி, ஒரு பாய், மண்ணு நெறச்ச ரெண்டு எண்ணெய் டப்பா. விரல் ஆறுத வரைக்கும் நடக்க வேண்டாம், படி ஏற வேண்டாம். நாற்காலியில உக்காந்து காலை நீட்டித் தூக்குங்க. டப்பாவத் தலைக்கு மேல தூக்குங்க. பாயில படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குங்க. ரேடியோவுல செய்தி முடியுத வரைக்கும் செஞ்சாப் போதும். மாத்திரைய மட்டும் நிறுத்திராதீக."

பதினோரு நாள் செய்தார், கதவைச் சாத்திக்கொண்டு. முதலாளி எண்ணெய் டப்பாவைத் தூக்குவது கடைப்பையன்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பன்னிரண்டாம் நாள் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. பொன்மணிக்கு உயிர் வந்தது. செண்பகராஜுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏட்டி, டீச்சர் எவ்வளவு கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல. ஒரு காப்பி குடிச்சாவ."

"அதான் பாத்தேன். சரக்கு நல்ல சரக்கா இருந்தா எவளாவது சும்மா குடுப்பாளா?"

வியாபாரி மூளை! சும்மா கிடைத்தது சொத்தைச் சரக்கு, விலை சொன்னது நல்ல சரக்கு. இந்தக் கணக்கின்படி தண்டால் சாமியைவிட நல்ல சரக்கு ஜில்லாவிலேயே கிடையாது.

சாமி இரண்டு கட்டளை போட்டார். அரைஞாண் கட்டியவர் உடற்பயிற்சி செய்யக்கூடாது. உள்ளே ஒரு தண்டாலும் வெளியே ஒரு தண்டாலும் மோதினால் முதுகெலும்பு தாங்காது. மாத்திரையும் கூடாது, மந்திரத்துக்கு மருந்து ஆகாது. செண்பகராஜ் அன்று மாலையே எண்ணெய் டப்பா இரண்டையும் பரணில் ஏற்றினார், மாத்திரையையும் நிறுத்தினார்.

இனித் தராசுக் கதை. குடோனுக்குள் ஆள் ஏறி நிற்கிற தராசு இரண்டு வைத்திருந்தார்கள். ஒன்றுக்குக் கறுப்புத் துணி சாத்தியிருந்தது, அது கர்மத் தராசு. மற்றதற்கு மஞ்சள் பட்டு, அது தர்மத் தராசு. முள் இருக்கிற வட்ட முகத்தை மாலை போட்டு மூடியிருப்பார்கள். ஆள் ஏறி நின்ற பிறகுதான் சிஷ்யன் மாலையை விலக்குவான், இறங்குவதற்குள் மூடிவிடுவான். முதல் நாள் கறுப்பில் ஏற வேண்டும். அரைஞாண் கட்டி இருபத்தொரு நாள் படுத்துக் கிடந்துவிட்டு வந்தால் மஞ்சளில் ஏற வேண்டும். பாவ எடையையும் புண்ணிய எடையையும் ஒரே தராசில் போட்டால் கலந்துவிடுமாம்.

நூறு கிராம் பருத்திக்கு வெயிலில் நின்று ஒரு மணி நேரம் சண்டை போடுகிற ஜனம், இதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

செண்பகராஜ் கறுப்பில் தொண்ணூற்றாறு. இருபத்தொரு நாள் கழித்து மஞ்சளில் தொண்ணூற்று மூன்று. "மூணு கிலோ!" என்று சிஷ்யன் மணியடித்தான். செண்பகராஜ் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கும்பிட்டுக்கொண்டே இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும், "ஏட்டி, இந்தக் கயித்தக் கொஞ்சம் தளத்தி விடு. இடுப்பைக் கடிக்குது" என்றார்.

பொன்மணி முடிச்சை அவிழ்த்தாள். கட்டிய இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் புது முடிச்சுப் போட வேண்டியிருந்தது.

"மூணு கிலோ எளைச்சவியளுக்குக் கயிறு எப்படிங்க எறுகும்?"

"உள்ள இருக்கிற கொழுப்பு இளகி வெளிய வருது. சாமியே சொல்லிட்டாவ."

"அப்ப வெளிய வந்தது எப்பப் போகும்?"

"நீ வாய மூடு. சாமி குத்தமாயிரும்."

பொன்மணி வாயை மூடினாள். கண்ணை மூடவில்லை. பெருவிரல் புண்ணில் இப்போது வாடை அடித்தது. அவருக்கு அது தெரியவில்லை. அந்த விரலில் வலியே இல்லை என்று அதையும் சாமி கணக்கில் வரவு வைத்தார். வலி இல்லாததுதான் ஆபத்து என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தது பொன்மணிக்குத்தான் ஞாபகம் இருந்தது.

"நம்ம கடைத் தராசுல ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்" என்றாள்.

செண்பகராஜ் அதிர்ந்துபோனார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற தராசு. அதில் மனுஷன் காலை வைப்பதா? லட்சுமி மேல் மிதிப்பதற்குச் சமம் அல்லவா? ஊரில் எந்த வியாபாரியும் செய்யாத காரியம். சாமிக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அதனால்தான் தராசுக்காரர் ஊராகப் பார்த்து வந்து இறங்கியிருந்தார். ஒருத்தனும் தன் தராசில் ஏறிப் பார்க்க மாட்டான்.

ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் அட்டை தருகிற இயந்திரம் இருந்தது. அதைச் சாமி முதல் நாளே தள்ளி வைத்துவிட்டார். அட்டையின் பின்பக்கம் சினிமா நடிகை படம் இருக்கிறதாம், பிரம்மச்சரியம் கெட்டுவிடுமாம்.

மறுவாரம் புது உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை மாத்திரை ஹோமம். பக்தர்கள் வீட்டிலிருக்கும் மாத்திரை முழுவதையும் கொண்டுவந்து அக்கினியில் போட்டு, இனி ஒரு வருஷத்துக்கு எந்த டாக்டர் வாசலையும் மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். முதல் ஆகுதி செண்பகராஜ் கையால்.

ஒரு வருஷம்! அந்த விரலுக்கு ஒரு மாதம் தாங்குமா என்பதே பொன்மணிக்குத் தெரியவில்லை. அழுதாள். சண்டை போட்டாள். ஒரு வேளை சமைக்காமலும் இருந்து பார்த்தாள். அவர் ஹோட்டலில் வாங்கித் தின்றுவிட்டு வந்து படுத்து, தண்டாலை உள்ளே ஓட விட்டார்.

வியாழக்கிழமை கடைக்கு வத்தல் போட வந்தவன் உக்கிரபாண்டி. புதூர்க்காரன், வத்தலும் போடுவான், ஆடும் மேய்ப்பான். கன்னம் இரண்டும் உள்ளே போய், எலும்பை எண்ணிவிடலாம். அவன் இடுப்பிலும் சிவப்புக் கயிறு.

"நீ எதுக்குய்யா எளைக்கணும்?" என்றாள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்மணி.

"எளைக்க இல்ல மதினி, சதை போடுததுக்கு. நாலு கிலோ ஏறிட்டுல்லா! மஞ்சத் தராசுல நாப்பத்துநாலு இருந்தேன். மூணு வாரம் கழிச்சுக் கறுப்புல நாப்பத்தெட்டு."

"எதுல மொதல்ல ஏறுன?"

"மஞ்சள்ல. எங்கள மாதிரி ஒல்லிக்கு மஞ்சள்ல ஆரம்பிச்சுக் கறுப்புல முடிக்கணுமாம்."

பொன்மணி கையிலிருந்த வத்தலைக் கீழே போட்டாள். கமிஷன் கடையில் பிறந்து கமிஷன் கடையில் வாழ்க்கைப்பட்டவள். குண்டன் கறுப்பிலிருந்து மஞ்சளுக்குப் போனால் இளைக்கிறான். ஒல்லி மஞ்சளிலிருந்து கறுப்புக்கு வந்தால் பெருக்கிறான். ஆள் மாறவில்லை, தராசு மாறுகிறது. இதைக் கண்டுபிடிக்க இமயமலைக்குப் போக வேண்டியதில்லை, வத்தல் சிப்பத்துக்குப் பக்கத்தில் நின்றாலே போதும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. குடோன் நடுவில் செங்கல் அடுக்கிய குண்டம், நெய் மணக்க நெருப்பு. சுற்றிலும் இருநூறு பேர், கையில் மாத்திரை அட்டைகள். பிரஷர், சர்க்கரை, மூச்சிரைப்பு என்று ஊர் மருந்துக்கடைகள் எல்லாம் கால் முளைத்து வந்தது போல் இருந்தது. முதல் வரிசையில் செண்பகராஜ், பெருவிரலில் துணி சுற்றி, மடியில் மாத்திரைப் பொட்டலத்தோடு.

அப்போது பொன்மணி உள்ளே வந்தாள். பின்னால் கடையில் எடை போடுகிற சோலைச்சாமி. அவர் தோளில் இருபது கிலோ இரும்புப் படிக்கல், சர்க்கார் முத்திரை குத்தியது.

"சாமி, இவரு எங்க கடையில பதினஞ்சு வருசமா இருக்காரு" என்றாள். "என்ன செஞ்சும் இருபது கிலோவுக்கு ஏறவும் மாட்டேங்காரு, இறங்கவும் மாட்டேங்காரு. சாமி தராசுல ஒரு தடவ ஏத்திப் பாக்கணும்."

கூட்டம் சோலைச்சாமியைப் பார்த்தது. "இருபது கிலோவா? ஆளு திடமாத்தான இருக்காரு?" என்றது ஒரு குரல்.

"ஏ, அவரு இல்லய்யா, அவரு தோளுல இருக்கது!"

செண்பகராஜ் எழுந்துவிட்டார். "ஏட்டி, மானத்த வாங்காத. வீட்டுக்குப் போ!"

"போறேன். ஒரு எடை பாத்துட்டுப் போறேன்."

சாமி கையை உயர்த்தினார். "மகளே, உயிரற்ற ஜடத்தைத் தெய்வத் தராசில் ஏற்றலாகாது. அது ஆன்மா உள்ளதை மட்டுமே நிறுக்கும்."

"அப்ப இரும்புக்கு முள்ளு அசையவே அசையாது, இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு சாமி. சும்மா வச்சுப் பாப்போம். அசையலன்னா அவிய மாத்திரைய நானே வாங்கி நெருப்புல போடுதேன்."

சாமி கண்ணைக் காட்டினார். சிஷ்யர்கள் இரண்டு பேர் வந்து தராசை மறித்து நின்றார்கள். பொன்மணி அவர்களை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"தங்கப்பாண்டி அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க பருத்தி எடுக்கப் போற ஊருல ஒருத்தன் ரெண்டு தராசு வச்சிருக்கான். சரக்கு ஏத்த ஒண்ணு, இறக்க ஒண்ணு. ரெண்டு முள்ளையும் மூடி வச்சிருக்கான். நீங்க என்ன செய்வீய?"

"செருப்பக் கழட்டி அடிப்பேன்" என்றார் தங்கப்பாண்டியன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்தது. மூன்று வாரமாகப் பாயில் படுத்துக் கிடந்த வியாபார ரத்தம் அந்த ஒரு கேள்வியில் எழுந்து உட்கார்ந்தது. தங்கப்பாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். சிஷ்யர்கள் தாமாக விலகினார்கள். கறுப்புத் தராசின் மாலையைப் பிடுங்கினார்.

தராசில் யாரும் இல்லை. முள் இரண்டில் நின்றது.

"ரெண்டு கிலோ! யாருவே நிக்கது இதுல?"

மஞ்சள் தராசின் மாலையையும் பிடுங்கினார். அங்கே முள் பூஜ்யத்தைத் தொடாமல் இரண்டு கோடு முன்னாலேயே படுத்துக் கிடந்தது.

சோலைச்சாமி படிக்கல்லைக் கறுப்பில் வைத்தார். ஆன்மா உள்ளதை மட்டும் நிறுக்கிற தராசு, இரும்புக்கு இருபத்திரண்டு காட்டியது. தூக்கி மஞ்சளில் வைத்தார். பதினெட்டு.

"கல்லு நாலு கிலோ எளைச்சிட்டு!" என்று கத்தினான் உக்கிரபாண்டி. "அரைஞாணே கட்டாம!" அடுத்த நொடி அவன் முகம் மாறியது. "அப்ப... எனக்கு ஏறுன நாலு கிலோ?"

சோலைச்சாமி பதிலைக் கல்லிடமே விட்டார். கல்லைத் தூக்கி மறுபடியும் கறுப்பில் வைத்தார். இருபத்திரண்டு.

"இரும்பு சனியின் உலோகம்..." என்று தொடங்கினார் சாமி.

"சனி கெடக்கட்டும் சாமி" என்றாள் பொன்மணி. "பன்னெண்டு வருசம் எடுத்திய. எங்க முன்னால ஒரே ஒரு தண்டால் எடுங்க. ஒண்ணு போதும். நாங்க எல்லாரும் கால்ல விழுதோம்."

சாமி கூட்டத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவில் புதூர்க்காரர்கள் நின்றார்கள். வேறு வழியில்லாமல் குப்புறப் படுத்துக் கையை ஊன்றினார். கை நடுங்கியது, கழுத்து சிவந்தது. தொப்பை மட்டும் தரையை விட்டு வருவதாக இல்லை. இருநூறு பேர் எண்ணுவதற்குத் தயாராக இருந்தார்கள். ஒன்று என்று சொல்லக்கூட வாய்ப்பு வரவில்லை. கடைசியில் இமயமலைப் பேச்சு கழன்று விழுந்தது.

"ஏலே, யாராவது கை குடுங்கல! எந்திரிக்க முடியலல!"

தங்கப்பாண்டியன் தன் அரைஞாணை அறுத்துத் தாயத்தைக் கல்லில் தட்டி உடைத்தார். உள்ளே மருந்து ஒட்டாத தீக்குச்சி ஒன்று. குடோன் மூலையில் பழைய கழிவுக் குச்சி மலைபோல் கிடந்தது. ஊரில் பெருக்கிக் கொட்டியதை எடுத்து ஊருக்கே விற்றிருக்கிறான். கூச்சல் கேட்டு வந்த போலீஸ்காரர் சாமியைத் தூக்கி நிறுத்தி அழைத்துப் போகையில், தன் இடுப்புக் கயிற்றை யாரும் பார்க்காதபடி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

செண்பகராஜ் எதையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, துணி சுற்றிய பெருவிரலையே பார்த்திருந்தார். ஈ ஒன்று அதில் வந்து உட்கார்ந்தது. விரலுக்கு உணர்ச்சியில்லை, கண்தான் பார்த்துச் சொன்னது.

"ஏட்டி, டாக்டர் இந்நேரம் இருப்பாரா?"

இருந்தார். துணியை அவிழ்த்ததும் டாக்டர் கத்தியை எடுத்தார். நெடுநேரம் அறுத்துச் சுத்தம் செய்தார். பிறகு, "இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா செருப்பு ஒத்தையா வாங்கியிருக்கலாம்" என்றார். நகம் போயிற்று, விரல் தப்பியது. ஊசி, மாத்திரை, பரணிலிருந்து இறங்கிய எண்ணெய் டப்பா என்று மூன்று மாதம். புண் ஆறிய பிறகு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னாள், சுவரில் கை ஊன்றித் தள்ளச் சொன்னாள். செண்பகராஜ் கடையிலேயே, கதவைத் திறந்து போட்டுக்கொண்டே தள்ளினார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "சிரிங்கல. எனக்கு விரல் இருக்கு" என்றார்.

ஆடி மாதம் ஒரு நாள் எட்டயபுரம் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். செண்பகராஜைக் கண்டதும் வாயைப் பிளந்தார்.

"என்ன அண்ணாச்சி, பாதியாயிட்டிய! எப்படி?"

செண்பகராஜ் நாற்காலியைக் காட்டினார், சுவரைக் காட்டினார், டப்பாவைக் காட்டினார். எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், எந்த மாத்திரை எந்த வேளை என்று ஒன்று விடாமல் சொன்னார். வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்தில் நகர்ந்து, அவருடைய வேட்டி மடிப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். உள்ள என்ன கட்டியிருக்கிய? எங்கன வாங்குனிய? நமக்கும் ஒண்ணு சொல்லுங்களேன்."

செண்பகராஜ் வெறும் இடுப்பை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். உள்ளே மல்லி புடைத்துக்கொண்டிருந்த பொன்மணிதான் முறத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணாச்சி, இடுப்புல கட்டுனது போதும். கழுத்துக்கு மேல ஒண்ணு சும்மா இருக்குல்லா, இந்த ஊருல ரொம்பப் பேரு அதுக்குத்தான் பயிற்சியே குடுக்கது இல்ல. தினம் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்க. வீட்டுல உக்காந்தே செய்யலாம், துட்டு கெடையாது, வேர்க்கவும் செய்யாது."